30 பிழைகள், 435 அளவுகள்

புனேக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவை அடுத்த கோடத் கிராமத்தில், வயல்களுக்கு நடுவே 45 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாக்கள் நிற்கின்றன. மொத்தம் 30. அவற்றில் 14 ஆன்டெனாக்கள் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் நெருங்கி நிற்க, மீதி 16-ம் மூன்று திசைகளில் பிரிந்து சென்று, ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் இடையே 25 கிலோமீட்டர் வரை விரிகின்றன. ஜி.எம்.ஆர்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ரேடியோ தொலைநோக்கியைக் கட்டி எழுப்பியவர் கோவிந்த் ஸ்வரூப். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், மலைச்சரிவின் சாய்வையே பயன்படுத்திக்கொண்டு, 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை 1970-ல் இயக்கிவைத்தவரும் அவர்தான்.

இந்த 30 ஆன்டெனாக்களும் ஓர் இரவு முழுக்க ஒரே கேலக்ஸியை நோக்கி நின்றாலும் காலையில் கையில் கிடைப்பது படம் இல்லை. எண்களின் நீண்ட அட்டவணைதான் கிடைக்கும். இரண்டு ஆன்டெனாக்களில் வந்து விழும் ரேடியோ அலைகளைக் கணினி ஒன்றோடொன்று பெருக்கிச் சராசரி எடுக்கிறது. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் இரண்டு எண்கள் வருகின்றன. ஒன்று வீச்சு, மற்றொன்று கட்டம். அந்த ஜோடியின் இடைவெளிக்கு ஏற்ற நுணுக்கத்தில் வானில் எவ்வளவு ஒளிர்வு இருக்கிறது என்பதை வீச்சு சொல்லும். அந்த ஒளிர்வு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கட்டம் சொல்லும். 30 ஆன்டெனாக்களில் 435 ஜோடிகள் அமையும். பூமி சுழலச் சுழல ஒவ்வொரு ஜோடியும் வானத்தைப் புதிய கோணத்தில் பார்க்கும். அப்படிச் சேரும் எண்களை ஃபூரியே மாற்றத்துக்கு உட்படுத்தினால் 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தொலைநோக்கிக்கு நிகரான கூர்மையோடு படம் கிடைக்கும். இந்த முறையை வளர்த்தெடுத்ததற்காகத்தான் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரைல் 1974-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் பதிவான எண்களை அப்படியே மாற்றத்துக்குள் செலுத்தினால் திரையில் வருவது வெறும் இரைச்சல் மூட்டம்தான். வானத்திலிருந்து புறப்பட்ட அலை அந்த அட்டவணையில் ஓர் எண்ணாக வந்து சேர்வதற்குள் பல கைகள் அதன்மேல் பட்டுவிடுகின்றன. காற்றுமண்டலம் அதைத் தாமதப்படுத்துகிறது. ஆன்டெனாவின் பெருக்கி வெயிலுக்கும் பனிக்கும் ஏற்பத் தன் பெருக்கத்தை மாற்றிக்கொள்கிறது. சமிக்ஞையைச் சுமந்துவரும் கண்ணாடி இழை சூட்டில் நீள்கிறது. 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் பாதை ஒரு சென்டிமீட்டர் கூடினாலே கட்டம் 17 பாகை பிசகிவிடும். கட்டப் பிழைதான் மிகவும் மோசமானது. 10 பாகை கட்டப் பிழை படத்துக்குச் செய்யும் கெடுதல், சுமார் 20 சதவீத வீச்சுப் பிழையின் கெடுதலுக்குச் சமம். இந்தப் பிசகுகளை எல்லாம் கண்டுபிடித்து எண்களிலிருந்து கழிக்கும் வேலைதான் அளவுத்திருத்தம். விண்வெளிப் படங்கள் செய்தித்தாள்களில் வரும்போது இந்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. என்னைக் கேட்டால், படத்தின் உண்மையும் பொய்யும் முடிவாவது இங்கேதான்.

அடையாளம் தெரியாத இத்தனை பிசகுகளை எப்படிப் பிரித்தெடுப்பது? கதவைத் திறக்கும் உண்மை ஒன்று இருக்கிறது. ஒரு தெருவில் 30 வீடுகள் இருக்கின்றன, ஒவ்வொரு வீட்டின் சுவர்க் கடிகாரமும் தன் போக்கில் முந்தியோ பிந்தியோ ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த இரண்டு வீடுகளின் நேரத்தை ஒப்பிட்டாலும் ஒரு வித்தியாசம் தெரியும். அப்படி 435 வித்தியாசங்களை எழுதி வைக்கலாம். ஆனால் அந்த 435-க்கும் காரணம் 30 கடிகாரங்கள் மட்டுமே. ஜி.எம்.ஆர்.டி.யிலும் இதே கதைதான். பெருக்கியின் பிசகு, இழையின் பிசகு, தலைக்கு மேலுள்ள காற்றின் பிசகு எல்லாமே ஏதோ ஓர் ஆன்டெனாவுக்குச் சொந்தமானவை. இரண்டு ஆன்டெனாக்கள் ஜோடி சேர்வதால் புதிதாக ஒரு பிழை பிறப்பது மிக அரிது. ஆகவே ஒவ்வொரு கணத்திலும் நம் கையில் இருப்பவை 435 அளவுகள், கண்டுபிடிக்க வேண்டியவை 30 பிழைகள். தெரியாதவை குறைவாகவும் தெரிந்தவை அதிகமாகவும் இருக்கும் கணக்கைத் தீர்க்க முடியும். தீர்த்த விடை சரிதானா என்றும் அதே கணக்கை வைத்துச் சோதிக்க முடியும்.

முதல் படியாக, வானில் ஏற்கெனவே நன்கு தெரிந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். 3சி 286 என்றொரு குவாசர் இருக்கிறது. கேம்பிரிட்ஜின் மூன்றாவது ரேடியோ பட்டியலில் அது 286-ஆவது பொருள். அதன் ஒளி நம்மை வந்தடையச் சுமார் 700 கோடி ஆண்டுகள் ஆகின்றன. 1.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதன் பிரகாசம் சுமார் 15 ஜான்ஸ்கி. ஒரு ஜான்ஸ்கி என்பது ஒரு சதுர மீட்டரில், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் விழும் 10-ன் மைனஸ் 26-ஆம் அடுக்கு வாட் திறன். இவ்வளவு நலிந்த அளவில் அளப்பவர்களுக்கு மாறாத ஒரு விளக்கு தேவை. பல பத்தாண்டுகளாகப் பார்த்தும் 3சி 286-ன் பிரகாசம் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. 3சி 48, 3சி 147 ஆகியவையும் இதே வேலைக்குப் பயன்படுகின்றன. ஆனால் உயர் அதிர்வெண்களில் அவை மெல்ல மாறுகின்றன என்பது அளந்து உறுதிசெய்யப்பட்ட விஷயம். காசியோபியா-ஏ வானத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்று. ஆனால் அது வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சம் என்பதால் ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டே போகிறது. அதை அளவுகோலாக வைத்துக்கொள்பவர் மங்கும் வேகத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அறிந்த மூலத்தைப் பார்க்கும்போது 435 ஜோடிகளிலும் என்ன எண் வரவேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். மூலம் ஒரு புள்ளியாகவும் பார்வையின் நடுவிலும் இருந்தால் எல்லா ஜோடியிலும் ஒரே வீச்சும், பூஜ்ஜியக் கட்டமும் வரவேண்டும். வராமல் போவதெல்லாம் ஆன்டெனாக்களின் பிசகு. ஆனால் அதற்கும் முன்னால் வேறொரு வேலை காத்திருக்கிறது. உயர் மின்னழுத்தக் கம்பிகளில் எழும் பொறிகளும், ஒலிபரப்புகளும், செயற்கைக்கோள்களும் அட்டவணைக்குள் புகுந்து எண்களைக் கெடுத்திருக்கும். கெட்டவற்றைக் களைந்துவிட வேண்டும். களையாவிட்டால், தீர்வு தேடும் கணக்கு அந்தப் பொறியையும் வானத்தின் சொல்லாக எடுத்துக்கொண்டு ஆன்டெனாவின் மேல் தவறாகப் பழி போடும். மிகவும் அலுப்பூட்டும் வேலை இதுதான். இதைத் தவிர்த்துவிட்டு நல்ல படம் எடுத்தவர் யாரும் இல்லை.

பிறகு, ஆயிரக்கணக்கான அதிர்வெண் அலைவரிசைகளில் ஒவ்வொன்றிலும் ஆன்டெனா எப்படி நடந்துகொள்கிறது என்று தனியே தீர்க்கிறார்கள். 3சி 286-ஐ வைத்துப் பிரகாசத்தின் அளவை நிலைநாட்டுகிறார்கள். இவ்வளவும் முடிந்தாலும் காற்றுமண்டலம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், படம் எடுக்க வேண்டிய கேலக்ஸிக்கு அருகிலேயே உள்ள ஒரு புள்ளி மூலத்தை அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் போலப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் கட்டம் சீராகவே மாறியிருக்கும் என்று வைத்துக்கொண்டு இடைப்பட்ட நேரத்துக்குக் கணக்கிடுவார்கள். திருத்தத்துக்கு முன் வரைபடத்தில் மழைத்தூறல்போல் சிதறிக் கிடந்த கட்டப் புள்ளிகள், தீர்வைப் போட்டதும் பூஜ்ஜியத்தை ஒட்டி ஒரே கோடாகப் படுத்துக்கொள்ளும். இத்துறைக்கு வரும் மாணவர் தன் தொலைநோக்கியை முதன்முதலாக நம்பத் தொடங்குவது அந்தக் கோட்டைப் பார்க்கும்போதுதான் என்று நினைக்கிறேன்.

அருகில் நல்ல புள்ளி மூலம் இல்லை என்றாலோ, காற்று சில நொடிக்குள் மாறிவிடும் என்றாலோ என்ன செய்வது? 1950-களில் இங்கிலாந்தின் ஜாட்ரெல் பேங்கில் ரோஜர் ஜென்னிசன் சந்தித்த சிக்கல் இதுதான். அன்றைய கருவிகளில் கட்டம் நிலையாக நிற்கவே இல்லை. அவரும் இந்தியரான எம். கே. தாஸ் குப்தாவும் சேர்ந்து, சிக்னஸ்-ஏ என்ற ரேடியோ மூலம் இரண்டு கூறாகப் பிரிந்திருப்பதை 1953-ல் அறிவித்திருந்தார்கள். ஜென்னிசன் கண்டுபிடித்து 1958-ல் விரிவாக வெளியிட்ட வழி மிக எளிமையானது. அ, ஆ, இ என்று மூன்று ஆன்டெனாக்கள். அ–ஆ ஜோடியின் கட்டத்தில் அ-வின் பிழை கூட்டலாகவும் ஆ-வின் பிழை கழித்தலாகவும் இருக்கும். ஆ–இ ஜோடியில் ஆ-வின் பிழை கூட்டல், இ-யின் பிழை கழித்தல். இ–அ ஜோடியில் இ-யின் பிழை கூட்டல், அ-வின் பிழை கழித்தல். மூன்று கட்டங்களையும் கூட்டினால் மூன்று பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோகும். மிஞ்சுவது வானம் மட்டுமே. முக்கோணத்தை ஒரு சுற்று சுற்றி வரும் இந்தக் கூட்டுத்தொகைக்கு, பெருக்கி எப்படி இருக்கிறது, காற்று எப்படி இருக்கிறது என்ற கவலையே கிடையாது.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மூன்று ஆன்டெனாக்கள் இருந்தால் மூன்று கட்டங்களில் ஒன்று மட்டுமே பிழையின்றித் தப்பும். மூன்றில் ஒரு பங்கு. 30 ஆன்டெனாக்கள் இருந்தால் 435 கட்டங்களுக்கு ஈடான தகவலில் 406 தப்பிவிடும், 93 சதவீதம். தென்னாப்பிரிக்காவின் மீர்காட் தொலைநோக்கியில் 64 ஆன்டெனாக்கள், 2016 ஜோடிகள். அங்கே தப்புவது 1953, கிட்டத்தட்ட 97 சதவீதம். ஆன்டெனாக்களைக் கூட்டிக்கொண்டே போவதற்கு, நலிந்த ஒளியைச் சேகரிப்பது மட்டுமே காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு புதிய ஆன்டெனாவும் தன்னோடு ஒரே ஒரு புதிய பிழையைத்தான் கொண்டுவருகிறது. ஏற்கெனவே நிற்கும் அத்தனை ஆன்டெனாக்களோடும் ஜோடி சேர்ந்து புதிய அளவுகளையோ டஜன் கணக்கில் தருகிறது.

1970-களின் இறுதியில் இந்தக் கணக்கிலிருந்து ஒரு துணிச்சலான முறை பிறந்தது. தெரிந்த மூலம் எதையும் நாடாமல், படமெடுக்க வேண்டிய பொருளையே அளவுகோலாக்கிக்கொள்வது. அரைகுறைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். வானம் இப்படித்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆன்டெனாக்களின் பிழைகளைத் தீர்க்க வேண்டும். திருத்திய எண்களிலிருந்து மறுபடி படம். அதிலிருந்து மறுபடி பிழை. சில சுற்றுகளில் படம் தெளிந்துவிடும். ரீட்ஹெட், வில்கின்சன், ஷ்வாப், கார்ன்வெல் ஆகியோரின் கைகளில் இது உருப்பெற்றது. இதற்குத் துணையாக நின்றது, ஸ்வீடனைச் சேர்ந்த ஹெக்போம் 1974-ல் தந்த, படத்திலிருந்து கருவியின் கறையை நீக்கும் முறை. இந்தச் சுழற்சியில் இரண்டு விஷயங்கள் தொலைந்துபோகும். பொருள் வானில் துல்லியமாக எங்கே இருக்கிறது, எவ்வளவு பிரகாசம் என்ற இரண்டையும் படத்தால் தானாகச் சொல்ல முடியாது. அதனால்தான் 3சி 286 போன்ற ஒன்றின் முகத்தில் விழித்துவிட்டே தொடங்க வேண்டியிருக்கிறது.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 கருந்துளைப் படம் ஜென்னிசனின் முக்கோணத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி. 1.3 மில்லிமீட்டர் அலையில் காற்றுமண்டலம் சில நொடிகளில் கட்டத்தைக் குலைத்துவிடும். ஹவாய், சிலி, மெக்சிகோ, அரிசோனா, ஸ்பெயின் என்று சிதறி நின்ற நிலையங்களின் தனிக் கட்டங்களில் நம்பிக்கை வைக்க இடமில்லை. முக்கோணங்களின் கூட்டுத்தொகைதான் உறுதியான பிடி. நான்கு குழுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் தனித்தனியே படம் எடுத்து, பிறகுதான் பக்கத்தில் வைத்துப் பார்த்தன. நான்கிலும் அதே வளையம்.

அதிர்வெண்ணைக் குறைத்துக்கொண்டு வந்தால் வேறொரு எதிரி முளைக்கிறான். 150 மெகாஹெர்ட்ஸில், அதாவது 2 மீட்டர் அலைநீளத்தில், காற்றின் ஈரப்பதம் பெரிதாகத் தொல்லை தராது. தொல்லை தருவது அதற்கும் மேலேயுள்ள அயனி மண்டலம். ஓர் ஆன்டெனாவின் தலைக்கு மேலே ஒரு சதுர மீட்டர் அகலத் தூணில் உள்ள எலக்ட்ரான்களும், இன்னோர் ஆன்டெனாவுக்கு மேலே உள்ளவையும் 100 லட்சம் கோடி அளவில் வேறுபட்டால் கட்டம் 32 பாகை பிசகும். எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் நம் நாட்டின் நண்பகலில் அந்தத் தூணில் உள்ள மொத்த எலக்ட்ரான்களில் அது சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். போதாததற்கு ஜி.எம்.ஆர்.டி. அமைந்திருப்பது காந்த நிலநடுக்கோட்டுக்கும், அதன் வடக்கே எலக்ட்ரான்கள் குவிந்து நிற்கும் பட்டைக்கும் இடையில். அயனி மண்டலம் அதிகம் கொந்தளிக்கும் வட்டாரங்களில் ஒன்று அது.

இங்கேதான் 30 பிழைகள் என்ற வசதியான கணக்கு உடைகிறது. 150 மெகாஹெர்ட்ஸில் ஜி.எம்.ஆர்.டி.யின் பார்வைப் பரப்பு சுமார் 3 பாகை. ஆறு முழு நிலாக்களை வரிசையாக வைக்கலாம். அந்தப் பரப்பின் ஓர் ஓரத்தில் உள்ள கேலக்ஸியின் அலை கடந்துவரும் அயனித் திட்டு வேறு, மறு ஓரத்தின் அலை கடந்துவரும் திட்டு வேறு. ஒரே ஆன்டெனாவுக்கு ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிப் பிழை. ஹாலந்துக்காரரான ஹூய்ப் இன்டெமா 2009-ல் இதற்கு ஒரு வழி கண்டார். பரப்பிலுள்ள பிரகாசமான மூலங்களை ஒவ்வொன்றாக உரித்தெடுத்து, அந்தந்தத் திசையின் பிழையைத் தனியே தீர்க்க வேண்டும். பிறகு அந்தத் தீர்வுகளை எல்லாம் இணைக்கும்படி அயனி மண்டலத்தின் ஒரு படலத்தைக் கணக்கால் வரைந்து, இடைப்பட்ட திசைகளுக்கும் பிழையை ஊகிக்க வேண்டும்.

ஜி.எம்.ஆர்.டி. 2010-க்கும் 2012-க்கும் இடையில் 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தைத் துழாவிப் பதிவு செய்திருந்தது. அந்தப் பழைய பதிவுகளை இன்டெமா, ஜகந்நாதன், மூலே, ஃப்ரெய்ல் ஆகியோர் காப்பகத்திலிருந்து எடுத்து, இந்த முறையில் முதலிலிருந்து திருத்தி, 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்த வானத்தின் 90 சதவீதம், 36,900 சதுர பாகைப் பரப்பு, சுமார் 6.2 லட்சம் ரேடியோ மூலங்கள். ஓர் ஆன்டெனாவைக்கூட மறுபடி வானத்தை நோக்கித் திருப்பாமல் கிடைத்த அறுவடை இது. அதே ஆண்டு, மேற்கு ஆஸ்திரேலியத் தொலைநோக்கி ஒன்றின் அளவுகளோடு ஒப்பிட்டபோது, சில வான்பகுதிகளில் இந்தப் பட்டியலின் பிரகாசம் ஒரே போக்கில் பிசகியிருப்பது தெரியவந்தது. இருப்பிடமும் வடிவமும் சரியாக இருக்க, அளவுகோல் மட்டும் அங்கங்கே நழுவியிருந்தது. அந்தப் பகுதிகளுக்குத் திருத்திய அளவுகளும் வெளியாகின.

தெரியாதவற்றின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட ஆபத்தும் கூடுகிறது. திருத்தத்துக்கு அதிகச் சுதந்திரம் கொடுத்தால், வானத்தில் உள்ளதையும் அது கருவியின் பிழை என்று எண்ணி விழுங்கிவிடும். ஹாலந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியில் கிழக்கு மேற்காக 14 ஆன்டெனாக்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதன் படங்களில் சில சமயம், பிரகாசமான மூலங்களை இணைக்கும் கோட்டில், வானத்தில் இல்லாத நலிந்த புள்ளிகள் முளைத்தன. திருத்தத்துக்குக் கொடுத்த வான மாதிரியில் ஒரு மூலத்தை விட்டுவிட்டால் இப்படிப் போலிகள் பிறக்கும், விடுபட்ட மூலத்தின் பிரகாசமும் குறைந்துபோகும் என்று க்ரோப்ளரும் சகாக்களும் 2014-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். போலி என்றாவது கண்ணில் படும். விழுங்கப்பட்ட ஒளி தடயமே விடாது. ஹாலந்தை மையமாகக் கொண்ட லோஃபார் தொலைநோக்கியில், மாதிரியில் சேராத பரந்த மங்கல் ஒளியைத் திசைவாரித் திருத்தம் அமுக்கிவிடுகிறது என்று 2016-ல் காட்டப்பட்டது. முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கிய காலத்தின் ஹைட்ரஜனைத் தேடுபவர்களுக்கு இது உயிர்நிலையில் படும் அடி. அவர்கள் தேடும் சமிக்ஞை, முன்னால் மறைத்து நிற்கும் நம் பால்வீதியின் ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு மங்கலானது.

அதே ஹைட்ரஜனைத் தேடி ஜி.எம்.ஆர்.டி.யில் கனடாக் குழு ஒன்று நடத்திய சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் அளவுகோலாகத் தேர்ந்தெடுத்தது ஒரு பல்சரை. அரை நொடிக்குச் சற்று மேலான இடைவெளியில் ஒருமுறை அது துடிக்கிறது. துடிக்கும் கணத்தின் அளவிலிருந்து துடிக்காத கணத்தின் அளவைக் கழித்தால், வானத்தில் மாறாமல் இருக்கும் மற்ற எல்லாமே மறைந்துவிடும். இடம் தெரிந்த ஒரு புள்ளி மட்டும் தனியே நிற்கும். வான மாதிரியில் எதை விட்டோம் என்ற கவலையே எழாது. 2011-ல் இக்குழு ஹைட்ரஜன் சமிக்ஞைக்கு 70 மில்லிகெல்வின் என்ற உச்சவரம்பை வெளியிட்டது. பின்னர், முன்புற ஒளியைக் கழிக்கும் தங்கள் முறை தேடிய சமிக்ஞையையும் சேர்த்துக் கழித்திருக்குமோ என்று சந்தேகித்தார்கள். போலிச் சமிக்ஞையைத் தரவுக்குள் தாங்களே கலந்து, அது எவ்வளவு தப்புகிறது என்று சோதித்தார்கள். 2013-ல் வரம்பை 248 மில்லிகெல்வின் என்று உயர்த்தி வெளியிட்டார்கள். தங்கள் முடிவைத் தாங்களே பலவீனமாக்கிக்கொண்ட அந்த இரண்டாவது எண்தான் நம்பத்தக்க எண்.

போலிச் சமிக்ஞையைக் கலந்து பார்ப்பது இன்று இத்தகைய தேடல்களில் வழக்கமாகிவிட்டது. லோஃபாரில் வேறு கடிவாளங்களும் போட்டுப் பார்க்கிறார்கள். பரந்த ஒளியைப் பிடிக்கும் நெருங்கிய ஜோடிகளைத் திருத்தக் கணக்கிலிருந்து விலக்கிவைக்கிறார்கள். ஓர் ஆன்டெனாவின் பிழை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் தாவாமல் சீராகத்தான் மாறவேண்டும் என்று கட்டுப்படுத்துகிறார்கள். நெருங்கிய ஜோடிகளை விலக்கினால் அவற்றில் இரைச்சல் கூடுகிறது. அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறார்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இப்போது எழுந்துவரும் எஸ்.கே.ஏ.-லோ தொலைநோக்கியில் இந்த வேலை முழுதும் வேறு அளவுக்குப் போகிறது. 1,31,072 ஆன்டெனாக்கள் 512 நிலையங்களாகக் கூட்டப்படும். நிலையங்களை மட்டும் எண்ணினாலே 1,30,816 ஜோடிகள். இந்தத் திட்டத்தில் பங்கேற்க இந்திய அரசு 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அந்தத் தொலைநோக்கி உமிழப்போகும் மூல எண்களை எந்தக் காப்பகத்திலும் நெடுநாள் வைத்திருக்க முடியாது. திருத்தி, படமாக்கி, மூலத்தை அழித்துவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒருவர் நல்ல முறை ஒன்றைக் கண்டுபிடித்து, பழைய பதிவைத் திறந்து முதலிலிருந்து தொடங்கலாம் என்ற வசதி அங்கே பெரும்பாலும் இருக்காது. அதனால், எந்தத் திசைக்கு எத்தனை பிழைகள், எந்த ஜோடிகளை விலக்குவது, எந்த மாதிரியை நம்புவது என்பதையெல்லாம் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மென்பொருள் முடிவுசெய்தாக வேண்டும். அந்த மென்பொருளை இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களில் ஜி.எம்.ஆர்.டி. தரவின் அயனி மண்டலத்தோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனைக்கு நல்லது.